கேட்காமல் எழுதப்பட்ட ஆட்டக்காரர்

ஒரு தரப்புக்குச் சாய்ந்து எழுதுகிறீர்கள் என்று யாராவது உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லும் நாள் வரும். நிருபர் வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன உங்களில் சிலருக்கு அது ஏற்கெனவே வந்திருக்கலாம். அந்த நேரத்தில் உடல் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். காது சூடாகும், முதுகு நிமிரும், நாம் அதுவரை எழுதிய நியாயமான செய்திகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். நானும் ஒருமுறை அப்படி நிமிர்ந்தேன். செய்தித்தாளில் உழைத்து ஓய்வுபெற்றுவிட்ட இந்த வயதில், நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவற்றை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அந்த நிமிர்வை மட்டும் முடியவில்லை. அதனால் இன்று அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. கேமரன் மலையில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கூடவே கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். கோயில் திருவிழா, மரண அறிவிப்பு, வளைவில் கவிழ்ந்த காய்கறி லோரி என்று எது நடந்தாலும் எழுதி அனுப்புவேன். ஆனால் மலையில் எல்லாரும் காத்திருந்து படித்தது கால்பந்துச் செய்தியைத்தான். தாப்பாவிலிருந்து ஏறிவரும் பேருந்தில் பத்திரிகைக் கட்டு வந்து சேர நண்பகல் ஆகிவிடும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். படிப்பவர் எதையாவது விட்டுவிட்டால் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஒரு சுழற்கிண்ணப் போட்டி நடந்துவந்தது. அதில் எப்போதும் மோதிக்கொண்ட இரண்டு தோட்டங்களை இங்கே மேட்டுத் தோட்டம், ஆற்றுத் தோட்டம் என்று மட்டும் சொல்கிறேன். மலையடிவாரத்தில் அப்போது ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. வேலையும் குடியிருப்பும் ஒரே நாளில் பறிபோன ஆட்களிடையே நல்ல ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். எந்த அணிக்கும் கட்டுப்படாதவர்கள். யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்களுக்கு ஆடுவார்கள். மலைத்தோட்டங்கள் அவர்களைக் கையில் பணம் கொடுத்து இழுக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒரு வேலை, லயத்தில் ஒரு வீடு, இவ்வளவுதான். மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து எடுப்பவர்களின் கண்ணுக்கு அந்த வேலை எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வோர் ஆட்டக்காரர் வரும்போதும் ஒரு பேச்சு எழும். அந்தப் பேச்சு என்னிடம் வரும்.

எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மேட்டுத் தோட்ட அலுவலகத்தில் கிராணியின், அதாவது எழுத்தரின், மேசைமேல் ஒரு தொலைபேசி இருந்தது. ஆட்ட முடிவுகளைக் கோலாலம்பூருக்குச் சொல்ல அதைப் பயன்படுத்திக்கொள்ள என்னை அவர் அனுமதித்திருந்தார். நான் போனால் தேநீர் வரும், தோட்டத்துச் செய்திகளும் வரும், பல சமயம் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டு. ஆற்றுத் தோட்டத்தில் தொலைபேசி தோட்ட மேலாளரான துரையின் அறைக்குள் இருந்தது. அங்கே போக வேண்டுமானால் பேருந்திலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நான் ஆண்டுக்கு இரண்டு முறை போயிருப்பேன்.

அந்த ஆண்டு மேட்டுத் தோட்டம் மூன்று ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தது. கிராணி கொடுத்த தாளில், விற்கப்பட்ட தோட்டத்தில் வாழ்விழந்த மூன்று குடும்பங்களை நிர்வாகம் அரவணைத்ததாக எழுதியிருந்தது. மூவரையும் கேட்டேன், ஆமாம் என்றார்கள். செய்தி அவ்வாறே வெளிவந்தது. இரண்டு வாரம் கழித்து அதே மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கிராணி சொன்னார்:

“டீச்சர், ஆத்துத் தோட்டத்துல சூசையைக் கொண்டாந்துட்டாங்க தெரியுமா? தாப்பா பக்கம் கோல் மழை பெய்ய வச்சவன். வந்த அன்னிக்கே பேக்டரிக்குள்ள வேலை, லயத்துல வீடு. அங்கேயே பொறந்த பசங்க வெளிக்காட்டுல நனையுறானுங்க, பாவம்.”

நான் கிராணியின் பேச்சை அப்படியே எழுதிவிடவில்லை. ஆற்றுத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் படித்தவர்கள். ஞாயிறு சந்தையில் அவர்களை விசாரித்தேன். சூசை வெளியூர்க்காரரா? ஆமாம். தொழிற்சாலையில் வேலை கொடுத்தார்களா? ஆமாம். நீங்கள் அந்த வேலைக்குக் காத்திருந்தீர்களா? ஆமாம், இரண்டு வருஷமாக. எல்லாமே உண்மை. அந்த உண்மைகளை அடுத்தடுத்து வைத்து, கிண்ணப் போட்டிக்கு ஒரு மாதமே இருக்கிறது என்ற இன்னோர் உண்மையையும் சேர்த்து அனுப்பினேன். வெளியாளுக்கு வேலை, தோட்டப் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் என்ற பொருளில் தலைப்பிட்டு வெளியிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி என் வீட்டுக்கு வந்தார். ஆற்றுத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர். அவர்களுடைய அணிக்குச் செயலாளர், பயிற்சியாளர், பந்துக்குக் காற்றடிப்பவர் எல்லாம் அவர்தான். சட்டைப்பையிலிருந்து சாக்குத் தைக்கும் நூல் இரண்டை எடுத்து என் மேசைமேல் நீட்டி வைத்தார்.

“இது மேட்டுக்காரன் நூலு, இது எங்க நூலு. பேப்பர்ல வந்த சேதிய ஒண்ணுவிடாம அளந்து, சேதிக்கு ஒரு முடிச்சுப் போட்டிருக்கேன். நீங்களே புடிச்சுப் பாருங்க டீச்சர்.”

மேட்டுத் தோட்டத்து நூல் ஒரு முழம் கூடுதல் நீளமாகத்தான் இருந்தது.

“போன வருஷக் கிண்ணத்துல அவங்க ரெண்டு ஆட்டம் கூட ஆடியிருக்காங்களே அண்ணே. ஜெயிச்சவங்களைப் பத்தி எழுதாம எப்படி?”

“தோக்கறதுக்கும் முழு நேரம் ஓடித்தானே ஆவணும்? அதையும் எழுதலாம் லா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு நான் பள்ளி அடிக்கோலை எடுத்து, பத்திரிகைக் கத்தரிப்புகளை விரித்து, கூடுதலான அந்த இரண்டு ஆட்டங்களைக் கழித்து அளந்து காட்டினேன். ஒரு விரல் அகலம் ஆற்றுத் தோட்டத்துக்கே கூடுதலாக வந்தது. வகுப்பில் ஒரு கணக்கை முடித்த திருப்தி எனக்கு.

முனியாண்டி நூலைச் சுருட்டினார். “சரி, அளவு கெடக்கட்டும். மூணு பேரைக் கொண்டாந்தவன் புண்ணியவான். ஒருத்தனைச் சேத்த நாங்க அடுத்தவன் வயித்துல அடிச்சவங்க. இது என்னா நாயம்? உங்கப்பா அந்தத் தோட்டத்துக் கிராணியா இருந்தாரு. பாசம் விடுமா?”

இந்த இடத்தில்தான் என் காது சூடாயிற்று. என் தந்தை மேட்டுத் தோட்டத்தில் கிராணியாக இருந்தது உண்மை. அவர் ஓய்வுபெற்ற மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள் என்பதும், அந்தத் தோட்டத்தின் பெயரைக் கேட்டாலே என் தாயின் முகம் மாறும் என்பதும் முனியாண்டிக்குத் தெரியாது. எனக்கு அந்தத் தோட்டத்தின் மேல் எள்ளளவும் பாசம் இல்லை. அவர் சொன்ன காரணம் முற்றிலும் தவறு. காரணம் தவறாக இருந்ததால் குற்றச்சாட்டும் தவறு என்று அந்தக் கணமே நான் முடிவு கட்டிவிட்டேன். என் பிழை அங்கே தொடங்கியது.

“சூசைக்கு அந்த வேலை பந்துக்காகக் குடுத்தது இல்ல டீச்சர்,” என்றார் அவர். “அது அவன் மாமனாரு வேலை. பெரியவருக்கு நெஞ்சுல தூசி அடைச்சு எழுந்திரிக்க முடியல. மகன் இல்ல. மவளைக் கட்டினவன் அந்த வேலைய எடுத்தாத்தான் வீடு நிக்கும். தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். வேலை போனால் வீடும் போகும். அதனால் வயதானவரின் இடத்தை மகனோ மருமகனோ எடுத்துக்கொள்வது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். ஆனால் மலை முழுவதும் பேர் பெற்ற ஒரு முன்னணி ஆட்டக்காரர், கிண்ணத்துக்கு ஒரு மாதம் முன்பு, மாமனாருக்காக மட்டும் வந்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. சோதிக்கும் எண்ணத்தோடு கேட்டேன்.

“அப்படின்னா கிண்ணத்துல அவர் ஆட மாட்டாரா?”

முனியாண்டி வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். சுருட்டிய நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதை நான் சொல்ல முடியாது டீச்சர்.”

“ஏன்?”

“சொல்ல முடியாதுன்னா விடுங்களேன்.”

அந்த மௌனத்தை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். மறுப்பு இருந்தால் கடிதமாக எழுதி அனுப்பட்டும், ஆசிரியர் பரிசீலிப்பார் என்று சொன்னேன். முறையான பதில்தான். “கடுதாசி எழுதி, அது கீழ போயி, அச்சாயி, மேல ஏறி வர்றதுக்குள்ள…” என்றவர் முடிக்காமல் எழுந்துபோனார். வாசலில் செருப்பு மாட்டும்போது, “எங்க ஆளு வாயி அந்தச் சேதியில எங்கயுமே இல்லையே டீச்சர்” என்று மட்டும் சொன்னார். அவர் அன்று பேசியதிலேயே மிக முக்கியமான சொல் அது. நூலுக்குப் பதில் சொல்லிவிட்ட களிப்பில் அது என் காதில் ஏறவில்லை.

நாங்கள் அறியாத ஒன்று இதற்கிடையில் நடந்துகொண்டிருந்தது. ஆற்றுத் தோட்டத்தை நடத்திய நிறுவனத்தின் தலைமையலுவலகத்தில் தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். என் செய்தி அங்கே போயிற்று. பந்துக்காக ஆள் எடுக்கிறீர்களா என்று துரையைக் கேட்டார்கள். துரைக்குக் கால்பந்து தெரியாது, மாமனார் வழக்கமும் தெரியாது. சூசையின் மூன்று மாதத் தற்காலிக நியமனம் முடியவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அதைக் காட்டிச் சூசையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

கிராணிதான் எனக்குச் சொன்னார். “ஆத்துத் தோட்டத்துல அந்தச் சூசையை வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம் டீச்சர். வீட்டைக் காலி பண்ண ஒரு வாரம். உங்க பேனாவுக்கு அவ்வளவு பலம்!”

ஒரு கணம் மகிழ்ந்தேன். எழுத வேண்டாம் என்று பலமுறை நினைத்து, உங்களுக்காகவே இந்த வரியை எழுதுகிறேன். என் செய்தியால் ஒன்று நடந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். அடுத்த சனிக்கிழமை, அதன் தொடர்ச்சியை எழுதுவதற்காக, நோட்டுப் புத்தகத்தோடு பேருந்திலிருந்து இறங்கி அந்த ஒரு மணி நேரத்தை நடந்தேன்.

லயத்தின் முன்னால் முனியாண்டியின் டிராக்டர் நின்றது. பின்வண்டியில் ஒரு கட்டில், இரண்டு பாய், ஒரு மாதா படம், மண்ணெண்ணெய் அடுப்பு. பெரியவரை ஒரு நாற்காலியில் வெளியே உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சும் எனக்குக் கேட்டது. அவர் மகள் பாக்கியம் பாத்திரங்களைப் பழைய சாரத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து உயரமான ஓர் இளைஞர் வந்தார். மூன்றே படிகள். அவற்றில் அவர் நேராக இறங்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, மற்ற காலை அதன் அருகே கொண்டுவந்து, அடுத்த படிக்கு மறுபடியும் அப்படியே இறங்கினார்.

“இவர்தான் சூசையா?” என்று கேட்டேன்.

“ஆமா, கோல் மழை,” என்றாள் பாக்கியம். “முட்டி கல்யாணத்துக்கு முன்னாடியே போச்சு டீச்சர். சக்கரை மூட்டையத் தூக்கச் சொன்னாலே அண்ணாந்து மாதாவைப் பாப்பாரு. இவரு பந்து ஒதைக்கவா வேலை குடுத்தாங்க?”

சூசை கூச்சத்தோடு சிரித்தார். நான் முனியாண்டியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

“நான்தான் டீச்சர் வெளிய சொல்ல வேணாம்னேன். சூசை வர்றான்னு கேள்விப்பட்டாலே மேட்டுக்காரன் ரெண்டு பேரை பின்னால நிறுத்திருவான். எங்களுக்கு முன்னால எடம் கெடைக்கும். கிண்ணம் முடியற வரைக்கும்தானே, ஒரு மாசம்தானேன்னு…” அவர் நிறுத்தினார். “அன்னிக்கு உங்க வீட்டுல சொல்ல வாய் வந்துச்சு. நீங்க பேப்பர்க்காரங்க. போட்டுருவீங்கன்னு முழுங்கிட்டேன்.”

பாக்கியம் மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கினாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“ரெண்டு பேரும் கெட்டிக்காரங்கதான். ஒருத்தரு சொல்ல வேணாம்னாரு, ஒருத்தங்க கேக்க வேணாம்னு விட்டாங்க. நடுவுல எங்கப்பா வீடு போச்சு.”

நான் நேரே துரையின் அலுவலகத்துக்குப் போனேன். மரியாதையாக உட்கார வைத்தார், முழுவதும் கேட்டார். சூசை இப்போது ஆட்டக்காரரே அல்ல என்பதைக் கேட்டு உண்மையாகவே வருந்தினார். ஆனால் அந்த வேலையை அதே தோட்டத்தில் பிறந்த ஓர் இளைஞனுக்குக் கொடுத்தாயிற்று என்றார். வீடும் அவன் பெயருக்கு மாறிவிட்டது. இரண்டு வருஷம் காத்திருந்ததாகச் சந்தையில் என்னிடம் சொன்னவர்களில் ஒருவன் அவன். அவனை எழுப்பிவிட்டுச் சூசையை உட்கார வைக்கச் சொல்லி நான் எந்த வாயால் கேட்பது?

அன்று மாலையே மன்னிப்புக் குறிப்பு ஒன்று எழுதினேன். கோலாலம்பூரில் இருந்த செய்தி ஆசிரியர், என்னிடம் ஒருபோதும் கடிந்து பேசாதவர், தொலைபேசியில் அதை ஒரு முறை திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு, “நீங்க எழுதினதுல பொய்யே இல்லையேம்மா. எந்த வரியைத் திருத்தறது?” என்று கேட்டார். தலைப்பு அவர் போட்டது. பழியை அதன்மேல் போட எனக்கு ஒரு வழி இருந்தது, அவரும் தடுத்திருக்க மாட்டார். ஆனால் அந்தத் தலைப்பு, நான் வரிசைப்படுத்திக் கொடுத்ததை உரக்கச் சொன்னது, அவ்வளவுதான். எழுதும் முன் சூசையை நான் சந்திக்கவே இல்லை என்று போடுங்கள் என்றேன். பத்திரிகை அப்படிப் போடாது என்றார். முடிவில் சூசை மாமனாரின் வேலையையே ஏற்றார், எந்த அணிக்கும் அவர் ஆடவில்லை என்று நான்கு வரி வந்தது. எட்டாம் பக்கத்தில், திருமண வாழ்த்துகளுக்குக் கீழே. கிண்ணத்தை மேட்டுத் தோட்டம் வென்றது. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன்.

அதன்பின் எண்பதுகளில் முழுநேரப் பணிக்குக் கோலாலம்பூர் சென்றேன். மேசையில் உட்கார்ந்து பிறர் எழுதியதைத் திருத்தும் வேலை. பெரிய அணிகள் ஆட்டக்காரர்களை வாங்கும் செய்திகள் வரத் தொடங்கிய காலம் அது. எங்கள் ஊர் அணி செலவழித்தால் லட்சியம், அடுத்த ஊர் அணி செலவழித்தால் பேராசை என்று எழுதிய செய்திகள் எத்தனையோ என் கை வழியாகப் போயின. வாசகர்கள் கோபத்தோடு கடிதம் எழுதுவார்கள். அவர்கள் காட்டும் காரணம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். நிருபரின் சாதி, ஊர், யாரோ வாங்கிக் கொடுத்த சாப்பாடு என்று எதையாவது சொல்வார்கள். அந்தக் காரணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நான் நிருபரிடம் ஒன்றுதான் கேட்பேன்: இந்தத் தரப்பு ஆளை நீ எங்கே பார்த்தாய்? பல சமயம் பார்த்திருக்க மாட்டார். ஒரு தரப்பில் தொலைபேசியும் தேநீரும் தட்டச்சுத் தாளும் இருந்திருக்கும். மறு தரப்பைப் பற்றி அந்தத் தேநீர் மேசையே சொல்லியிருக்கும். நமக்குப் பாசமே தேவையில்லை. எளிதாகக் கிடைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும், நாம் சாய்ந்துவிடுவோம். மனத்தில் சாய்வு இல்லை என்ற உறுதி எனக்கு அவ்வளவு இருந்ததால்தான் கால் போன பாதையை நான் பார்க்கவில்லை. முனியாண்டியின் மௌனத்துக்கு வேறொரு காரணம் இருக்கலாம் என்று தோன்றியிருந்தால், மறுநாள் காலைப் பேருந்து இருந்தது. அன்றைக்கு வீடு இன்னும் அவர்களுடையதாகவே இருந்தது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.

திருத்தம் வெளிவந்த மறுவாரம், அதே மலையில் உள்ள திரிங்காப் ஊருக்குப் போனேன். சூசையின் குடும்பம் அங்கே ஒரு காய்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குச் சேர்ந்திருந்தது. முட்டைக்கோஸ் சரிவின் ஓரத்தில், உரமூட்டைகள் அடுக்கிய தகரக் கொட்டகையின் ஒரு பாதியைச் சாக்குத் திரையால் தடுத்து அவர்களுக்கு விட்டிருந்தார்கள். உள்ளே பெரியவர் இருமிக்கொண்டிருந்தார். பாக்கியம் சரிவில் வேலையாக இருந்தாள். என்னைக் கண்டு நிமிர்ந்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். சூசை ஒரு பெட்டியின் மேல் கெட்ட காலை நீட்டி உட்கார்ந்து, லோரிக்குப் போகும் தக்காளியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கத்தரித்து எடுத்து வந்திருந்த நான்கு வரிகளைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். உதடு அசைய, மெதுவாக, இரண்டு முறை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர்,” என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. “இதைக் காட்டினா வீடு குடுப்பாங்களா?”

“இல்ல தம்பி. கேட்டுப் பார்த்துட்டேன். குடுக்க மாட்டாங்க.”

சூசை தலையசைத்தார். தாளை வந்த மடிப்பிலேயே மடித்து, என்னிடம் நீட்டினார்.

“அப்ப நீங்களே வச்சுக்குங்க டீச்சர். இங்க மழை வந்தா ஒழுகும்.”